ஒற்றைக் கோட்டில் அடித்த வரி

எங்கள் மருத்துவக் கல்லூரியில் பரிவுக்கு இரண்டு மதிப்பெண். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தாளில் அச்சடித்தே இருக்கிறது. வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் ஒன்று. பெயர் கேட்டால் ஒன்று. தொடுவதற்கு முன் அனுமதி கேட்டால் ஒன்று. பரிவு காட்டினால் இரண்டு. முதல் வருடம் பிணங்களோடு ஓடிவிடும், இரண்டாம் வருடம் புத்தகங்களோடு. மூன்றாம் வருடம்தான் உயிருள்ள மனிதர்கள் பக்கம் விடுவார்கள், அதுவும் இந்தத் தாளைக் கையில் கொடுத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் முறை. பேராசிரியர் முன்னால் போக, நாங்கள் எட்டுப் பேர் வெள்ளைக் கோட்டு மாட்டிய வாத்துக் குஞ்சுகளாகப் பின்னால் போனோம். ஆண்கள் வார்டு, பதினொன்றாம் கட்டில்.

"இதய வால்வு சுருங்குன கேஸ். மர்மர் சத்தம் ஸ்டெத்துல அவ்வளவு தெளிவா கேக்கும். இப்படி ஒண்ணு கிடைக்காது, விடாதீங்க," என்று சொல்லித் திரையை விலக்கினார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தது என் அப்பா.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். விடுதியில் யாராவது கேட்டால் "டிரான்ஸ்போர்ட்" என்பேன். பொய் இல்லைதானே. என் அறைத்தோழி அதை லாரிக் கம்பெனி முதலாளி என்று ஊதிப் பெரிதாக்கினாள், நான் திருத்தவில்லை. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் அம்மா டாக்டர், அப்பா டாக்டர், வீட்டு நாய்க்குக்கூட நாடி பார்க்கத் தெரிந்திருக்கும்.

அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தது எனக்குத் தெரியாது. போனில் பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குவார். நான் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பேன்.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வணக்கம். நான் மூணாம் வருஷ மாணவி. உங்க பேர் என்னங்க?"

திறந்த வாய் அப்படியே நின்றது. என் பின்னால் நின்ற ஏழு வெள்ளைக் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரின் முதல் எழுத்துதான் என் இனிஷியல்.

"உங்களைப் பரிசோதிச்சுப் பாக்கலாமா?"

"பாருங்க டாக்டர்."

"எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?"

"ரெண்டு வருஷமாவே இருக்குங்க. இப்ப மாடிப்படி நாலு ஏறுனா உக்காரணும்."

அந்த இரண்டு வருடத்தில் ஐந்து முறை வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"வீட்டுக்காரி தவறிட்டாங்க."

தவறியபோது அம்மாவின் கையைப் பிடித்திருந்தது நான். ஆனால் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று தாளில் இருக்கிறது. "கேக்கவே கஷ்டமா இருக்குங்க," என்றேன். பேராசிரியரின் பேனா அசைந்தது. பரிவு, இரண்டு.

"பிள்ளைங்க?"

"யாரும் இல்லைங்க டாக்டர்."

எழுதிக்கொண்டேன். கை நடுங்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

சட்டையைக் கழற்றினார். கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவே முட்டை அளவு தடிப்பு. பேராசிரியர் அதைச் சுட்டிக்காட்டினார். "இது என்ன?"

"கொழுப்புக் கட்டி சார்." "நெறி கட்டியிருக்கு சார்." ரேடியோ ஒருபடி மேலே போய், "டிபியா இருக்கலாம் சார்," என்றாள்.

சின்ன வயதில் பஸ்ஸில் அந்தத் தடிப்பின்மேல் தலைவைத்துத்தான் தூங்குவேன். பேராசிரியர் என்னைப் பார்த்தார். "தெரியல சார்," என்றேன்.

"முப்பது வருஷம் மூட்டை சுமந்ததுங்க," என்று அப்பாவே சொன்னார். "டிபி எல்லாம் இல்ல, பயப்படாதீங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இருபதுக்குப் பத்தொன்பது. "நோயாளிகிட்ட இவ்வளவு இயல்பா பேசறது எல்லாருக்கும் வராது," என்றார் பேராசிரியர். மத்தியானம் தனியாக வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். ரேடியோ ஒட்டிக்கொண்டே திரிந்தாள், போகவில்லை. புதன்கிழமை அவள் ஒட்டவில்லை. அப்போதும் போகவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் பட்டியல் போடும் நாள். வார்டு டாக்டர் வேலை மிச்சம் என்று நான் விவரம் எழுதிய தாளையே அப்பாவின் ஃபைலில் கோத்திருந்தார். அதையே வாசித்தார். "மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை."

பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "வால்வு மாத்துனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாசாமாசம் டெஸ்ட். விட்டா பக்கவாதம் வந்துரும். தனி ஆளை நம்பி எப்படி மாத்தறது? இப்போதைக்கு மாத்திரையிலயே ஓட்டுவோம். அடுத்தது?"

"சரிங்க சார்," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை. மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பொய்க்காகச் சாகவும் தயாராக, மரியாதையாக.

எல்லோரும் பன்னிரண்டாம் கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

"சார், அந்த வரி தப்பு."

"எந்த வரி?"

"பிள்ளைங்க இல்லைங்கறது. ஒரு பொண்ணு இருக்கா."

"நீதானே எழுதுன? அவர் அப்படித்தானே சொன்னார்?"

அப்பா பதறி எழுந்து உட்கார்ந்தார். "இல்லைங்க சார், பாப்பா... டாக்டரம்மா வேற யாரையோ நினைச்சுக்கிட்டு..."

"நான்தான் சார் அந்தப் பொண்ணு. இவர் என் அப்பா."

ரேடியோ நின்றுபோனது. பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபைலை நீட்டினார். "திருத்து. எப்படின்னு தெரியும்ல?"

தெரியும், முதல் வருடமே சொல்லிக் கொடுத்தது. மருத்துவக் குறிப்பில் எதையும் அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பதை யாராலும் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானதும், காரணமும், தேதியும், கையெழுத்தும்.

கோடு போட்டேன். "ஒரு மகள். இதே கல்லூரி மாணவி. உடனிருந்து பார்த்துக்கொள்வார்" என்று எழுதினேன். காரணம்: "விவரம் கேட்டவரின் பிழை." இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன். பேராசிரியர் படித்துவிட்டு, "பட்டியல்ல சேருங்க," என்று வார்டு டாக்டரிடம் சொல்லி நடந்தார். மற்றவர்களும் போனார்கள், யாரும் என் முகத்தைப் பார்க்காமல்.

"எதுக்கு பாப்பா இதெல்லாம்?" என்றார் அப்பா. "நல்ல மார்க் போட்டாரே அவரு."

"ரெண்டு வருஷமா மூச்சு வாங்குதுன்னு என்கிட்ட ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் குத்திக்காட்டத் தெரியாத மனிதர். நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"செவ்வாக்கிழமை கேட்ட. சொன்னேனேம்மா."