கிரீஸ் டப்பா அடுப்பு

ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, நிறுத்தினால் அந்தக் கிரீஸ் டப்பாவுக்குள் தீ ஆமைபோலத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, சாந்தாமணி ஒரு கையை ஊன்றி, கன்னம் தார்ச்சாலையில் படுகிற அளவுக்குக் குனிந்து, டப்பாவின் அடியில் உளியால் வெட்டிய சின்ன வாய் வழியாக ஊதினாள், புகை முதலில் கண்ணுக்கு வந்தது, அப்புறம் மலைச்சுவரில் மோதி மேலே போனது, இடப்பக்கம் மலை, கை நீட்டினால் ஈரக்கல் தட்டுப்படும், வலப்பக்கம் லாரியின் சக்கரங்கள், அதற்கும் அந்தப் பக்கம் ரோடு, ரோட்டைத் தாண்டினால் பள்ளம், பள்ளத்தின் அடியில் சேற்று நிறத்தில் ஓர் ஆறு ஓயாமல் இரைந்துகொண்டு கிடக்கிறது, மலைக்கும் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நாலடிச் சந்தில்தான் ஆறு நாளாக அவள் குடித்தனம். காஷ்மீரத்து ஆப்பிளை ஏற்றிக்கொண்டு ஜம்முவுக்கு இறங்குகிற வழியில், மூன்று கிலோமீட்டர் முன்னால் மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது, திரும்பிப் போகலாமென்றால் மறுநாளே பின்னாலும் ஒரு சரிவு, நடுவில் வரிசையாக நூற்றைம்பது லாரி, பொறிக்குள் அகப்பட்ட எலிக்காவது சுற்றி வர இடமிருக்கும், இங்கே அதுவும் இல்லை, நாளைக்குத் திறந்துருவாங்க என்று தினமும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

அடுப்பைச் செய்தது அவள் வீட்டுக்காரன் சென்னியப்பன், மூன்றாம் நாள் சின்ன சிலிண்டர் தீர்ந்துபோனதும் காலி கிரீஸ் டப்பாவை எடுத்து, அடியில் வாய் வெட்டி, சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, மேலே மூன்று போல்ட்டு நிறுத்தி, சட்டி ஆடாமல் உட்கார வைத்துக் கொடுத்தான், கல்யாணமாகி இருபத்துநாலு வருசத்தில் இவர் கையால் எனக்குச் செய்து கொடுத்த முதல் சாமான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. விறகுக்கு ஆப்பிள் பெட்டிப் பலகை இருந்தது, அடிப்பெட்டிகள் நசுங்கிச் சாறு ஒழுக ஆரம்பித்ததும் சரக்குக்காரரே போனில் கெட்டதை எடுத்துப் போட்டுவிடச் சொல்லிவிட்டார், பலகையை விரல் நீளத்துக்கு ஒடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் அணைந்துபோகும், ஊரில் விறகடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு நாலு வேலை பார்த்து வரலாம், இந்த அடுப்பு ஆளை எழுந்திருக்க விடாது, ஒருவர் கிண்டினால் ஒருவர் ஒடித்துப் போட வேண்டும், அதனால் இரண்டு பேரும் இருபுறமும் குத்தவைத்து உட்கார்ந்தே கிடந்தார்கள், புளி தீர்ந்த அன்றைக்கு அழுகாத ஆப்பிளாகப் பார்த்து நசுக்கி ரசம் வைத்தாள், ரசமாட்டத்தான் இருக்குது புள்ள, கண்ண மூடிட்டுக் குடிச்சா, என்று சென்னியப்பன் சொன்னான்.

இருபத்துநாலு வருசமும் அவன் விருந்தாளிதான், மாசத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள், லாரியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து தூங்குவான், சட்டையெல்லாம் துவைத்துக் காய்ந்ததும் கிளம்பிவிடுவான், சாப்பாட்டு நடுவில் ஆபீசிலிருந்து போன் வந்தால் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்துவிடுவான், மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் அவளும் சுவரும்தான், இந்த நடைக்கு மாற்று டிரைவர் வரவில்லை என்று தெரிந்ததும், நானும் வர்றனுங் மாமா, ஒத்தையில எத்தன நாளைக்குத்தான் செவுத்தப் பாத்துட்டு இருக்கறது, என்று பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள், ஏறும்போது நாடு பார்க்கப் போவதாகத்தான் நினைத்தாள், எண்ணிப் பார்த்தால் விடாமல் ஆறு நாள் இவனோடு ஓரிடத்தில் இருப்பதே இதுதான் முதல் தடவை.

பின்வரிசையில் எவனோ பொறுமை கெட்டு ஹாரனை அழுத்துகிறான், அது பள்ளத்தில் இறங்கி எதிர்மலையில் மோதித் திரும்பி வருகிறது, அவளுக்குத் தெரியும், அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம், இருபத்துமூன்று வருசத்துக்கு முந்தி அம்மா வீட்டு உள்ளறையில் பாயில் கிடந்தபடி ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியின் ஹாரனையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை பெற்றவள் வெளியே வரக்கூடாது, காற்று ஆகாது, ஜன்னலைச் சாத்து, காதுக்குப் பஞ்சை வை, பிள்ளை இல்லாமல் போனவளுக்கும் அதே பதினாறு நாள், அதே கதவு, மூன்று நாள் இருந்துவிட்டு நாலாம் நாள் விடியும்போது பாப்பா போய்விட்டது, தலைப்பிள்ளை, பொண்ணு, அவளுடைய அப்பன் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு வந்தார், அவளை வாசற்படி தாண்ட விடவில்லை, மார்பில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது, மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள், அந்த வாசம் மூக்கில் ஏற ஏற அவள் ஹாரனை எண்ணுகிறாள், இது அவருடையது இல்லை, இதுவும் இல்லை, நாகபுரி ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது, ரயிலேறினால் இரண்டு நாளில் வந்துவிடலாம், வருவார், இதோ வந்துவிடுவார், சென்னியப்பன் பத்தொன்பதாம் நாள்தான் வந்தான், ஆந்திராப் பக்கம் வெள்ளத்துல ஒரு பாலம் ஒடஞ்சு போச்சு, எட்டு நாளா வண்டி அங்கயே நின்னுபோச்சு, என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னான், அவ்வளவுதான், பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, பேசினால் உடைந்துவிடுவார் என்று நினைத்தாள்.

அந்தப் பாலத்தை அவள் விடவே இல்லை, அதைப் பார்த்ததுபோலவே அவளுக்குத் தெரியும், நடுவில் மூன்று கண் இடிந்து விழுந்திருக்கிறது, செம்மண் தண்ணீர் சுழித்து ஓடுகிறது, இந்தக் கரையில் வரிசையாக லாரிகள், அவன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தெற்கே பார்த்தபடி பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கிடக்கிறான், நான் இங்கே அடைந்து கிடந்தபோது அவரும் அங்கே அடைந்து கிடந்தார், இந்த ஒரு நினைப்பில்தான் அவள் அந்த வருசத்தையும் அதற்குப் பின்னால் வந்த வருசங்களையும் தாண்டினாள், மகன் பிறந்த பின்னும், அவன் பள்ளிக்கூடம் போன பின்னும், மனசு கனக்கிறபோதெல்லாம் அந்த ஆற்றங்கரைக்குப் போய் வீட்டுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

ஆகவே அவள் அன்றைக்குக் கேட்டது பாசத்தில்தான், வேறொன்றும் இல்லை, பகல் பன்னிரண்டு மணி, உலை கொதிக்கிறது, இந்த மலைக்குளிரில் கொதித்தாலும் அரிசி வேகமாட்டேன் என்கிறது, சென்னியப்பன் பலகையை ஒடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான், ஏனுங் மாமா, அந்தப் பாலம் ஒடஞ்சப்பக்கூட இப்படித்தான் டப்பால அடுப்பு பண்ணி ஆக்கித் தின்னீங்களா, என்று கேட்டாள். எந்தப் பாலம், என்றான் அவன். அந்த ஆந்திராப் பக்கம், எட்டு நாளு நின்னீங்கல்ல, பாப்பா தவறுனப்ப, என்றாள் அவள், அந்த வார்த்தை அவர்கள் நடுவில் முதல்முறையாக விழுந்தது, அவன் கையிலிருந்த பலகை ஒடியவும் இல்லை, கீழே விழவும் இல்லை, ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம், எழுந்து டயரைத் தட்டிப் பார்க்கப் போகலாம், ஆனால் ஆறு நாளாகத் தட்டிப் பார்த்த டயர், போக ஒரு இடமும் இல்லை, பாலமெல்லாம் எதும் ஒடையல புள்ள, என்றான்.

சேதி வந்தன்னைக்கே லோடு எறக்கியாச்சு, ரயிலேறப் போறேன்னுதான் டேசன் வரைக்கும் நடந்தேன், என்று அவன் தீயைப் பார்த்தே சொன்னான், அங்க போயி உன்ற மொகத்த எப்படிப் பாக்கறதுன்னு நெனச்சேன், காலு வரல, நான் பாக்காத வரைக்கும் அது நடக்கலன்னு இருந்துச்சு புள்ள, திரும்பி வந்து கல்கத்தாவுக்கு லோடு ஏத்திட்டேன், வண்டி எங்கயும் நிக்கல, நாந்தான் நின்னுபோயிட்டேன்.

சாந்தாமணி எழுந்தாள், கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்தாள், லாரிகளுக்கும் மலைக்கும் நடுவே முன்னால் பார்த்து நடந்தாள், எங்கே போகிறோம் என்று இல்லை, போக வேண்டும், அவ்வளவுதான், நாற்பது லாரி, ஐம்பது லாரி, அழுகிய ஆப்பிள் நாற்றம், தலைப்பாகைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், ஒரு பெண் முகம் கிடையாது, ஒரு தமிழ் வார்த்தை கிடையாது, இருபத்துமூன்று வருசமாகக் கட்டிக் காத்த பாலம் ஒவ்வொரு கண்ணாக அவளுக்குள் விழுகிறது, அந்தக் கரையில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை, பசியோடு யாரும் தெற்கே பார்க்கவில்லை, அந்த உள்ளறையில் நான் ஒருத்திதான் இருந்தேன், ரோடு முடிகிற இடத்தில் யானை உயரப் பாறைகளும் வேரோடு கவிழ்ந்த மரங்களும் குவிந்து கிடந்தன, இரண்டு மண்வாரி இயந்திரங்கள் கரடிபோல உறுமிக்கொண்டு தோண்டின, ஒரு போலீஸ்காரர் விசிலடித்து, கையை ஆட்டி, இந்தியில் கத்தி அவளைத் திரும்பிப் போகச் சொன்னார். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது, என்னை ஏமாத்திப் போட்டாருங்க என்று கத்த வேண்டும்போல, ஆனால் அதைக் கேட்டால் புரிகிற மனுசன் இந்த மலை முழுக்க ஒரே ஒருத்தன், அவனிடம்தான் திரும்பிப் போக வேண்டும், அந்த நாலடிச் சந்துக்குத்தான், அந்தக் கேபினுக்குத்தான், அவள் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள், பிள்ளைக்காக அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள்.

திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்து சோறு அரைவேக்காடாகக் கிடந்தது, சென்னியப்பன் அதே இடத்தில் இருந்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் பேசவில்லை, பேசாமல் இருப்பதற்கும் இடம் வேண்டியிருக்கிறது, வீடென்றால் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தலாம், இங்கே கோபத்தோடும் அதே ஓரத்தில்தான் உட்கார வேண்டும், அதே தீக்குத்தான் இரண்டு பேரும் கை காட்ட வேண்டும், அவன் தட்டை எடுத்துப் பம்பர் மேல் வைத்துவிட்டுத் தன் தட்டோடு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள், அவன் சமாதானம் சொல்ல வரவில்லை, பலகையை மட்டும் விரல் நீளத்துக்கு ஒடித்து ஒடித்து அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் குவித்து வைத்தான், அவளும் அதை எடுத்துத்தான் எரித்தாள், வேறு விறகு ஏது.

ஒன்பதாம் நாள் காலையில் இருந்த கடைசி இரண்டு ஆழாக்கு அரிசியை அவள் உலையில் போட்ட கொஞ்ச நேரத்தில், முன்னாலிருந்து ஒரு விசில், அப்புறம் ஓர் இஞ்சின், அதன்பின் இன்னொன்று, வரிசை முழுக்க உறுமல் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தது, முன் லாரி சர்தார்ஜி ஓடிவந்து அவர்கள் வண்டியின் பக்கவாட்டைப் படபடவென்று அடித்துச் சிரித்துக்கொண்டே, குல் கயா, குல் கயா, என்று கூவிவிட்டுப் போனார், திறந்துவிட்டது, சாந்தாமணி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சட்டியை இறக்கப் போனாள், ரோடு கூப்பிட்டால் சோறு நிற்காது, அது அவளுக்குத் தெரிந்ததுதான், சென்னியப்பன் கேபினில் ஏறினான், கதவுச் சத்தம் கேட்டது, இஞ்சின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள், கேட்கவில்லை. அவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கி வந்தான், பின்னால் நின்றவன் ஹாரனை அழுத்தினான், இவன் ரோட்டில் நின்று வலப்பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான், அப்புறம் வந்து அடுப்புக்கு இந்தப் பக்கம் பழையபடி குத்தவைத்தான்.

சோறு வேகோணுமல்ல, போறவங்க போகட்டும், என்றான்.

லாரிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின, ஒவ்வொன்றும் தாண்டும்போது சந்து முழுக்க அதிர்ந்தது, சட்டி போல்ட்டு மேல் நடுங்கியது, அவன் ஒரு கையால் சட்டியின் விளிம்பைத் துணியோடு பிடித்துக்கொண்டான், அவள் முகத்தைப் பார்த்தான், இரண்டு நாளாகப் பார்க்காத முகத்தை, இல்லை, அதைவிட அதிக நாளாக. பாப்பா யாராட்ட இருந்துச்சு புள்ள, என்று கேட்டான்.

அவள் ஒரு பலகையை எடுத்து ஒடித்தாள், பாதியைப் போட்டாள், மறு பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், உங்களுக்கு எதுக்கு அதச் சொல்லோணும், என்றாள். நீ சொல்லாட்டியும் சரி, நான் கேட்டிருக்கோணும், என்றான். இன்னும் இரண்டு லாரி போயின. காது உங்களதாட்ட, என்றாள் அவள், மடல் தொங்காம கன்னத்தோட ஒட்டிட்டு இருந்துச்சு, அவன் கை தானாக அவன் காதுக்குப் போனது, மத்ததெல்லாம் என்றதாட்ட, முடி நெம்ப, நர்சம்மாவே பாத்துட்டுச் சிரிச்சாங்க, அழுகாது, மொனகும், பூனக்குட்டியாட்ட, என்று சொல்லிக்கொண்டே போனாள், முதல் நாளைச் சொன்னாள், எந்த நேரத்துக்குப் பிறந்தது, என்ன எடை, யார் முதலில் வாங்கினார்கள், இரண்டாம் நாளைச் சொன்னாள், வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்கும், விரலைக் கொடுத்தால் விடாது, சொல்லச் சொல்ல அவளுக்கே மறந்துபோயிருந்ததெல்லாம் வந்தது, நடுவில் அவனைத் திட்டினாள், ஒரு நாள் லேட்டா வந்திருந்தாக்கூட மண்ணு காயறதுக்குள்ள அப்பனாவது அந்த எடத்தக் காட்டியிருப்பாருங்களே என்று திட்டினாள், அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான், பலகையை ஒடித்துப் போட்டான், சோறு வெந்து, குழைந்து, அடிபிடிக்கிற வாசம் வந்தும் இருவரும் இறக்கவில்லை, கடைசி லாரியும் போய்விட்டது, ஹாரன் சத்தமெல்லாம் வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, ரோடு முன்னாலும் பின்னாலும் ஈரமாக, வெறுமையாக, திறந்து கிடந்தது, அவள் மூன்றாம் நாளுக்கு வந்திருந்தாள், அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

சொல்லட்டுங்களா, என்றாள்.

சென்னியப்பன் சட்டியை இறக்கித் தரையில் வைத்தான், அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். சொல்லு, என்றான்.