திருப்பி வைத்த தட்டு

“நம்ம கோயில்ல முன்வரிசை, பின்வாசல் அத்தனை பேரையும் ஒரே கிண்ணத்துல குடிக்க வச்சவன் நான். பதினெட்டு வருஷம். ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது,” என்றார் அளப்பு.

மகள் தேநீர்த் தட்டோடு வந்தாள். “அப்பா, ஆரம்பிச்சிடாதீங்க,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. எதிர் நாற்காலியில் சபைச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். சபைப் பள்ளியில் தலைமையாசிரியை பதவிக்கான அவளுடைய கோப்பு அவர் மேசையில்தான் இரண்டு மாதமாகத் தூங்குகிறது.

அளப்பு என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. நாற்பது வருஷம் கோயிலில் மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கிண்ணம் கழுவியவருக்கு ஊர் கொடுத்த விருது. அவர் அடித்த மணியில் மூன்று செவிடர்களுக்குக் காது திறந்தது. ஒருமுறை புயற்காற்றில் மணிக்கயிறு அவரைக் கோபுரத்துக்கு மேலே தூக்கிப் போனது. சும்மா வருவானேன் என்று ஒரு மேகத்தைத் துடைத்துவிட்டு இறங்கினார். இதையெல்லாம் கேட்டுச் சிரிக்க ஊரில் ஆள் உண்டு. நம்பத்தான் ஆள் இல்லை.

செயலாளர் கொண்டுவந்திருந்தது நூற்றாண்டு மலரின் கடைசிப் பக்கம். துறைமுகக் கூலிகள், சலவைக்காரர்கள், வியாபாரிகள், கப்பலில் வந்து தங்கிவிட்டவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் சேர்ந்து வளர்த்த சபையின் கதை. ‘தொடக்கம் முதலே நமக்கு ஒரே மேசை, ஒரே கிண்ணம்’ என்று முடிந்திருந்தது. அதன் கீழே, சபையின் மூத்த ஊழியர் சாட்சியாக ஒரு கையெழுத்து வேண்டும்.

“படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. வேலை முடிஞ்சுது,” என்றார் செயலாளர்.

“பின்வாசலை எத்தனாம் பக்கத்துல போட்டிருக்கீங்க?”

“எந்தப் பின்வாசல்?”

“செங்கல் வச்சு அடைச்சீங்களே. எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் அந்த இடம் மட்டும் துருத்திக்கிட்டு நிக்குதே, அது.”

செயலாளர் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் ஒண்ணா இருக்கிற நேரத்துல பழைய புண்ணை ஏன் கிளறணும்?”

சலவை செய்பவர்கள், சாக்கடை தோண்டுபவர்கள், தெருக் கூட்டுபவர்கள் எல்லோரும் அப்போதெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். தரையில் உட்கார வேண்டும். திருவிருந்தில் திராட்சை ரசத்தைக் கடைசியாகக் குடிக்க வேண்டும், அதுவும் தனிக் கிண்ணத்தில். மகளே சின்ன வயதில் அந்தப் படியில் தடுக்கி விழுந்தவள்தான். இரண்டு கிண்ணங்களும் ஒரே பட்டறையில் செய்த வெள்ளிக் கிண்ணங்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மாறிவிடக் கூடாதே என்று பின்வாசல் கிண்ணத்தின் அடியில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் செயலாளர், அப்போது வாலிபர், இரண்டையும் கவிழ்த்துப் பார்த்து, வெட்டுள்ளதைத் தட்டில் இடப்பக்கம் வைத்துவிட்டு முன்வரிசைக்குப் போவார். தட்டை மேசைக்குக் கொண்டுபோவது அளப்புவின் வேலை. பாதிரியார் வலப்பக்கத்ததை முன்வரிசைக்கும் இடப்பக்கத்ததைப் பின்வாசலுக்கும் எடுப்பார். கழுவுவதும் சுமப்பதும் பின்வாசல் கைதான். அதில் யாருக்கும் குறையில்லை. உதடு மட்டும் ஆகாது.

“நீங்க வச்சுட்டுப் போவீங்க,” என்றார் அளப்பு, கண்கள் மின்ன. “திரைக்குப் பின்னாடி நான் தட்டை அரைச் சுத்து திருப்புவேன். இடது வலதாயிடும். ஒரு வாரம் திருப்புவேன், மறுவாரம் விட்டுடுவேன். அப்பத்தானே ரெண்டு பக்கமும் எச்சில் சமமாப் பங்காகும்?”

“போன வாரம் மேகத்தைத் துடைச்சே. இந்த வாரம் இதுவா? பாதிரியார் என்ன கண்ணைக் கட்டிக்கிட்டா நின்னாரு?”

“அவரு கிண்ணத்துக்குள்ள பார்ப்பாரு. அடியிலயா பார்ப்பாரு?”

“அப்பா,” என்றாள் மகள். “எனக்காகப் போடுங்க.”

அளப்பு பேனாவை வாங்கினார். முனை காகிதத்தைத் தொட்டது, நகரவில்லை. அவர் பார்வை அலமாரிக்கு மேலிருந்த பழைய இஸ்திரிப் பெட்டிக்குப் போயிருந்தது. அவர் மனைவியுடையது. திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்தவள் அவள். முன்வரிசைக் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்த துணிகூட அவள் கையில்தான் வெளுத்தது.

“உங்கம்மாகிட்ட முதல்லயே சொல்லல,” என்றார். “பயந்து போய்ப் பாதிரியார்கிட்ட உளறிடுவா. படுத்த படுக்கையானப்புறம் ஒருநாள், ‘முன்னால இருக்கிறவங்க கிண்ணத்துல ஒரே ஒரு வாய் குடிச்சிருக்கலாம்’னா. ‘நீ குடிச்சிருக்கடி, பாதி ஞாயிறு அதுலதான் குடிச்சே’ன்னேன். சிரிச்சா. ‘மேகம் துடைச்ச கதைதானே’ன்னா. சத்தியம் பண்ணினேன். சிரிப்பு நின்னுபோச்சு. ‘சாகப்போறவகிட்டயாவது அளக்காதய்யா’ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்புறம் பேசல.”

அவள் போன மறுவருஷம்தான் புதிதாக வந்த பாதிரியார் பின்வாசலை அடைக்கச் சொன்னார்.

மகள் இதை இதுவரை கேட்டதில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அப்பாவின் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்தாள். “போடாதீங்கப்பா,” என்றாள். பிறகு செயலாளரிடம், “என் கோப்பை நீங்க எங்க வேணும்னாலும் வச்சுக்கங்க சார்.”

செயலாளர் எழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் வலது ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ஒரு ஞாயிறு, திருவிருந்துல எங்கம்மாவுக்குப் பக்கத்துல முழங்கால் போட்டிருந்தேன்,” என்றார். “கிண்ணம் எங்கிட்ட வந்துச்சு. தாங்கிப் பிடிச்சப்ப அடியில இந்த விரல்ல வெட்டு உரசிச்சு. அதுக்குள்ள அம்மா குடிச்சிட்டாங்க.”

“அப்பவே ஏன் சொல்லல?” என்றாள் மகள்.

“சொன்னா எல்லாரும் குடிச்சாச்சுன்னு ஆயிடும். எங்கம்மாவும் சேர்த்து.” மடியிலிருந்த கண்ணாடியை மடக்கினார். “அன்னையிலருந்து நான் குடிக்கல. உதட்டை இறுக்கி மூடி, ஒட்டி வச்சுட்டு எடுத்துடுவேன். வெட்டு உரசினாலும் உரசாட்டியும், ரெண்டு கிண்ணத்துலயும் எல்லாரும் வாய் வச்சாச்சே. வாசலை அடைக்கிற வரைக்கும், பதினோரு வருஷம்.”

அளப்பு இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

“அப்படின்னா அவ உயிரோட இருந்தப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“வாரத்துக்கு ரெண்டு தடவை உங்க வீட்டுக்குத் துணி எடுக்க வருவா.”

செயலாளர் தலையாட்டினார். மகள் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, ‘ஒரே கிண்ணம்’ என்று முடிந்த கடைசி வரியின் மேல் கோடு இழுத்தார்.

“நீங்க அளக்கலங்க,” என்றார் அளப்புவிடம். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். “அது நடந்ததுதான்.”