சுகதேகியின் இரத்தம்

நிலானி செய்தது ஒரு சின்னக் கள்ளம். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அவளுக்குக் கள்ளம் செய்து பழக்கமுமில்லை, அதுதான் வில்லங்கமாய்ப் போனது. பழகினவர்களாவது எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்து வைத்திருப்பார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையின் இரத்த ஆய்வுகூடம். காலை ஏழு மணிக்கு வெளியே இன்னும் கும்மிருட்டு. நிலானி குளிர்பெட்டியைத் திறந்து, முந்தின நாள் வந்திறங்கிய புது மருந்தை எடுத்தாள். விரலளவு கறுத்த போத்தல். வெளிச்சம் பட்டால் பழுதாகிவிடும் என்பதற்காகத்தான் அந்தக் கறுப்பு. உள்ளே இருப்பது ஒளிரும் பிறபொருளெதிரி, அதாவது அன்ரிபொடி. இரத்தத்தின் வெள்ளையணுக்களில் காமா டெல்டா என்றொரு வகை ரி செல் இருக்கிறது. இந்த மருந்து தேடிப்போய் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த இரத்தத்தை மெஷினுக்குள் விட்டால், செல்கள் ஒவ்வொன்றாய் லேசருக்கு முன்னால் போகும், மருந்து பிடித்தவை பச்சையாய் ஒளிரும், மெஷின் எண்ணிச் சொல்லிவிடும். சுகதேகி ஒருவருக்கு நூறு ரி செல்லில் மூன்றோ நாலோ இருக்கும். கூடிப்போனால் பத்து.

புது மருந்து வந்தால், அதைப் பழைய மருந்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நோயாளிகளின் இரத்தத்தில் பாவிக்கலாம். ஒப்பிடுவதற்கு நோய் நொடி இல்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும். அதை ஆய்வுகூட ஊழியர்களே முறை வைத்துக் கொடுப்பார்கள். வெளியாளின் இரத்தத்தை எடுக்கவே கூடாது. பிடிபட்டால் வேலை போகும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் அன்றைக்கு நிலானியின் முறை.

இவளோ விரதம். பகல் முழுக்கத் தண்ணீர், பொழுதுபட்டால் பாலும் பழமும். இரண்டு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் சஷ்டியில் இரத்தம் கொடுத்துவிட்டு, கண் இருட்டி, கதிரையோடு சரிந்தாள். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவள் யோசெப்பின் என்ற நோர்வேக்காரி. நல்ல மனிசி, ஆனால் அன்றைக்கு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, “பட்டினி கிடந்துகொண்டு இனி வேலைக்கு வராதே” என்றாள். நிலானி ஓமென்று தலையாட்டினாள். ஆட்டியவள் விரதத்தை விட்டாளா என்றால் அதுதான் இல்லை. விரதத்துக்குக் கையில் கட்டிய காப்பு நூலைக் கையுறைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டு வருடாவருடம் பிடித்தாள். இப்போது அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் யோசெப்பினின் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து மயங்கி விழ முடியுமா?

யோசித்துக்கொண்டு நின்றபோது துடைப்பான் வண்டியைத் தள்ளிக்கொண்டு சோதிலிங்கம் வந்தார். மட்டக்களப்புக்காரர், வயது ஐம்பத்திரண்டு, அந்த மாடியின் துப்புரவு வேலை அவருடையது. குடியிருப்பது ரொம்சோஸில், நிலானியின் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில்.

“என்ன பிள்ளை, முகமெல்லாம் காய்ஞ்சு கிடக்கு?”

“ரத்தம் குடுக்கிற முறை அண்ணை. விரதத்தோடை குடுத்து விழுந்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு.”

“இதுக்கே இந்த யோசனை? என்ரையை எடுங்கோ. விரதமெல்லாம் என்ரை மனிசி சிறிதேவிதான் பிடிக்கிறா. நான் பாணும் சம்பலும் ஒரு பிடி பிடிச்சிட்டு வந்தனான்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மனிசன் கதிரையில் இருந்து கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையில் மணிக்கூடு முழங்கைப் பக்கமாய்ச் சறுக்கிக்கொண்டு போனது. “நல்லா மெலிஞ்சு போனியள்” என்றாள். “வயது போகுதெல்லோ” என்று சிரித்தார். பிளாஸ்டர் ஒட்டி முடிய, எழும்பிக்கொண்டே, “ஏதும் பழுதெண்டால் சொல்லுங்கோ, என்ன” என்றார். ஓம் அண்ணை என்று சொல்லிக்கொண்டே, குழாயில் தன் பெயரை எழுதினாள்.

இரண்டு சின்னக் குழாய்களில் இரத்தத்தைப் பிரித்து, ஒன்றில் பழைய மருந்து, மற்றதில் புது மருந்து விட்டாள். இருபது நிமிடம் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். சிவப்பணுக்களைக் கரைத்து, கழுவி, மெஷினில் பொருத்தினாள். திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. காமா டெல்டாவுக்கு என்று கட்டம் போட்ட மூலையில் எப்போதும் நாலைந்து புள்ளிதான் சிதறிக் கிடக்கும். இன்றைக்கு அந்த மூலை நிரம்பிக்கொண்டே போனது. பழைய மருந்து நாற்பத்திரண்டு வீதம் என்றது. புது மருந்து நாற்பத்துமூன்று.

இரண்டு மருந்தும் அச்சொட்டாய் ஒத்துப்போகின்றன. மருந்தில் ஒரு குறையுமில்லை. குறை இரத்தத்தில்.

இந்த மாதிரி ஒரு மூலையை அவள் முன்பு ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். அது ஒரு லொறிச் சாரதியின் இரத்தம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் வந்து குந்துகிற ஒரு புற்றுநோய். மாசியில் அவருடைய இரத்தம் வந்தது. வைகாசியில் அவருடைய பெயரை நோயாளிகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏதாவது கடுமையான தொற்று வந்தாலும் இந்தச் செல்கள் பெருகும் என்று படித்திருந்தாள். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கப் பார்த்தாள். மனம் லொறிச் சாரதியிடமே போய் நின்றது.

“இது யாருடையது?”

நிலானியின் முதுகுக்குப் பின்னால் யோசெப்பின் நின்றாள். குழாயை எடுத்துப் பெயரை வாசித்தாள். முகத்தில் இரத்தம் வற்றிப் போனது. “நிலானி, இது உன்னுடையதா?”

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு சொல் போதும். ஆனால் வாய் திறந்தால் வெளியாள் இரத்தம் வெளியே வரும், விரதம் வெளியே வரும், கடிதம் கிழிபடும். பயந்த வாய் தனக்கு லேசான சொல்லைத்தான் சொல்லும். நிலானி, “ஓம்” என்றாள்.

யோசெப்பின் அவளைக் கட்டிப்பிடித்தாள். கதிரையில் இருத்தி, தானே கையைத் துடைத்து, தானே ஊசி குத்தி, புது இரத்தம் எடுத்தாள். நிலானிக்குப் பயத்தில் மயக்கம்கூட வரவில்லை. அடுத்த ஒரு மணித்தியாலம் யோசெப்பின் வேறொருவரையும் மெஷினுக்குக் கிட்ட விடவில்லை. கடைசியில் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“நாலு வீதம். உனக்கு ஒன்றுமில்லை. காலையில் எடுத்த குழாயில் ஏதோ பிழை நடந்திருக்கிறது, அதை வீசிவிடு.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தக் கடிதத்தில் நாளைக்கே கையெழுத்து வைக்கிறேன்” என்றாள்.

எல்லாம் நல்லபடியாய் முடிந்துவிட்டது, பாருங்கள். ஒருவரும் ஏசவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை, வேலையும் கிடைக்கப்போகிறது. நிலானி அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, கழிவு வீசுகிற மஞ்சள் வாளிக்கு முன்னால் நின்றாள். இதற்குள் இருப்பது என்னவென்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் தான் மட்டும்தான் என்ற நினைப்பு வந்தது. வீச முடியவில்லை. குளிர்பெட்டியின் கடைசித் தட்டில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் மெலிந்தது வயது போனதால்தான், அவருக்கு ஏதும் இருந்தால் அவரே டொக்டரிடம் போவார்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தே-பானா ரயில் ஏறினாள்.

பின்னேரம் குரோருட் பக்கத்து முருகன் கோவிலுக்குப் போனாள். பூசையில் மனம் ஒட்டவில்லை. வேலைப் பிடித்த முருகனை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாய் இருந்தது. சப்பாத்து வைக்கிற இடத்தில் சிறிதேவி அவளைப் பிடித்துக்கொண்டாள். விரதத்தால் உதடு வெடித்திருந்தாலும் மனிசியின் முகத்தில் ஒரு தெளிவு.

“நிலானி, உமக்குப் பெரிய நன்றியப்பா.”

“எனக்கு என்னத்துக்கு அக்கா?”

“இவர் ரெண்டு மூண்டு மாதமா உருகிப் போறார். இரவிலை வேர்த்து, படுக்கையெல்லாம் நனையுது. டொக்டரிட்டை போங்கோ எண்டு நானும் மகள் ஹம்சிகாவும் காலைப் பிடிக்காத குறை. ஒரு மாதிரிச் சம்மதிச்சு நாளைக்கு எண்டு நேரமும் எடுத்து வைச்சவர். இண்டைக்கு வந்து சொல்லுறார், நிலானி ரத்தம் எடுத்துப் பெரிய மெஷினிலை பாத்தவ, பழுதெண்டால் சொல்லியிருப்பா, ஒண்டும் சொல்லேல்லை, அப்ப எனக்கு ஒண்டுமில்லை எண்டு. டொக்டரின்ரை நேரத்தையும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்.” சிறிதேவி அவளுடைய கையை அமுக்கினாள். “இண்டைக்குத்தான் எனக்குப் பாரம் இறங்கினது.”

சொல்லு, இப்பவே சொல்லு என்று நிலானிக்குள்ளே ஒன்று கிடந்து அடித்தது. சிறிதேவிக்குப் பின்னால் சனம் திருநீற்றுக்கு வரிசையாய் நின்றது. “போட்டு வாறன் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் வெளியே வந்தாள். அன்றைக்குப் பாலும் இறங்கவில்லை, பழமும் இறங்கவில்லை.

அடுத்தநாள் காலை ஆறரைக்கே போய்விட்டாள். மாடியின் நீண்ட நடையோடையில் அந்தக் கடைசித் தொங்கலில் சோதிலிங்கம் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். இடையிடையே நின்று துடைப்பான் தடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். நேற்று வரைக்கும் அவள் அதைக் கவனித்ததே இல்லை. அவளைக் கண்டதும் மஞ்சள் பலகையை ஓரமாய்த் தள்ளி வழி விட்டார்.

“பாத்து வாங்கோ பிள்ளை, ஈரம்.”

“அண்ணை, நேற்று எடுத்த ரத்தம் சரியில்லை.”

அவர் சிரித்தபடியே நின்றார். சிரிப்பு இன்னும் போகவில்லை.

“எனக்கு நேற்றே தெரியும். பயத்திலை சொல்லாமல் விட்டிட்டன். என்ன வருத்தம் எண்டு நான் சொல்லேலாது, அது டொக்டர்தான் சொல்லவேணும். ஆனால் இண்டைக்கே பாக்கவேணும் அண்ணை. நாளைக்கு எண்டு விடேலாது.”

சோதிலிங்கம் கையுறையை ஒவ்வொரு விரலாய்க் கழற்றினார்.

“குழாயிலை உங்கடை பேரெல்லோ எழுதினனீங்கள்?”

“ஓம்.”

“அப்ப உங்கடை வேலை?”

தன் உயிரைப் பற்றிச் சொன்ன இடத்தில் மனிசன் இவளுடைய வேலையைக் கேட்கிறார். நிலானிக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே ஆய்வுகூடத்துக்குப் போய், குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் கிடந்த குழாயை எடுத்தாள். நேரே யோசெப்பினின் அறைக்குப் போனாள்.

யோசெப்பின் அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் அந்தக் கடிதம், மேலே பேனை. நிலானி குழாயைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதில் பிழை ஒன்றுமில்லை. இது என்னுடைய இரத்தம் இல்லை. நான் பொய் சொன்னேன்.”

விரதத்தையும் சொன்னாள், காப்பு நூலையும் காட்டினாள், யாருடைய கையில் குத்தினாள் என்பதையும் சொன்னாள். யோசெப்பின் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தாள். சோதிலிங்கம் துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கூப்பிட்டால் வர ஆயத்தமாய், நேராய் நின்றார்.

“ஒரு முழு நாள்” என்றாள் யோசெப்பின். குரல் உயரவில்லை. கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள். “உன்னைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அவருக்கு இரத்தம் எடு.” சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்து, கடமையிலிருந்த இரத்தநோய் டொக்டரை அழைத்தாள்.

சோதிலிங்கம் வந்து அதே கதிரையில் இருந்தார். யாரும் சொல்லாமலே சட்டைக் கையை மடித்து விட்டார். நேற்று ஒட்டிய பிளாஸ்டர் இன்னும் அதே இடத்தில் இருந்தது. நிலானி புதுக் குழாயை எடுத்தாள், பேனையை எடுத்தாள். கழற்றும்போது பேனை மூடி கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இந்தமுறை என்ரை பேரை எழுதுங்கோ, பிள்ளை” என்றார்.