என்ஜின் சூடு

மகள் ஏழாவது முறையாகச் சாவியைத் திருப்பினாள். டிராக்டர் ஒரு முனகு முனகிவிட்டு அடங்கிப்போனது. கேட்டுக்கு வெளியே வேன்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதும் தொண்டையைச் செருமுவதுமாக நின்றிருந்தார். உள்ளே கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தார்.

நேற்றுச் சாயங்காலம் உழுதுவிட்டு வந்தவர், வண்டியை வாசலிலிருந்து கேட்டுக்குப் போகும் சந்தின் நடுவில் நிறுத்திக் கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போனார். காலையில் எழுந்திருக்கவில்லை. இப்போது என்ஜின் ஓடினால்தான் கலப்பை மேலே ஏறும். கலப்பை ஏறினால்தான் வண்டி நகரும். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் மிச்சம்.

"இப்படிப் பண்ணலாம்மா" என்றார் சித்தப்பா. காலையிலிருந்து அவர் சொல்லும் நாலாவது யோசனை இது. "அண்ணனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா அந்த இடுக்கு வழியாவே கொண்டுபோயிடலாம்."

"சாய்க்கவெல்லாம் வேண்டாம் சித்தப்பா."

"அப்ப வேற வழி?"

"அவர் வீட்டுலேருந்து அவரு ஒருக்களிச்சுப் போகணுமா? நேராத்தான் போவாரு."

சொல்லிவிட்டாளே தவிர, கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மறித்துக்கொண்டு நிற்பது அப்பா தேர்ந்தெடுத்த வண்டியாக இருந்தாலாவது நாலு திட்டுத் திட்டி ஆறியிருப்பாள். இது அவளே பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி.

பழைய வண்டி வாங்குவதில் அப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. விற்கிறவனிடம் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நிற்க வேண்டும். வணக்கம்கூட அப்புறம்தான், முதலில் என்ஜின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். சில்லென்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். சூடாக இருந்தால், ஆள் முன்னாலேயே ஓட்டிவைத்து எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் பதினோரு டிராக்டர்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். வாடகை டிராக்டர்காரனோ வயலில் ஈரம் காய்ந்த பிறகுதான் எட்டிப் பார்ப்பான். மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

பன்னிரண்டாவதை அவளே தேடிப் பிடித்தாள். மரியாதையாகப் போன் போட்டு, பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லியும்விட்டாள்.

"சொல்லிட்டா போறோம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் அப்பா.

"உலகத்துல எல்லாரும் அப்படித்தான்பா போவாங்க."

வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. அவள் அங்கேயே வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அப்பா பக்கத்தில் போய் என்ஜினில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்து, சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"அப்ப சரி."

இந்த ஐந்து வாரமும், தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு அவள் ஏழு மணிக்கு வந்து சாவியைத் திருப்பினால் போதும், வண்டி கிளம்பிவிடும். ஒவ்வொரு முறையும் அவள் அப்பாவைச் சீண்டாமல் விட்டதில்லை. "உங்க கைய நம்பியிருந்தா இன்னும் வாடகைக்காரன் காலத்தான் பிடிச்சிட்டிருப்போம்." அவரும் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், "நீ கெட்டிக்காரிதான்" என்பார்.

சித்தப்பா கூட்டிவந்திருந்த மெக்கானிக் என்ஜினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "உள்ள நல்லாத் தேஞ்சு கிடக்குக்கா. சூடேறிட்டா ஓடும், ஆறிட்டா எழும்பவே எழும்பாது. பேட்டரியும் இறங்கிடுச்சு. இன்னும் ஒரு தடவைதான் தாங்கும்."

"நேத்து வரைக்கும் ஒரே செல்ஃப்ல எடுத்த வண்டி."

"வாய்ப்பே இல்லக்கா."

"தினம் நான்தான் எடுக்கிறேன். அப்ப நான் பொய் சொல்றேனா?"

மெக்கானிக் கையைத் துடைத்தார். இழவு வீட்டில் யார் வாயைக் கொடுப்பார்கள்? சித்தப்பா ஐந்தாவது யோசனைக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், மகள் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"பெரிய கெட்டில்ல வெந்நீர் போட்டு ஊத்து."

"யாருக்கும்மா?"

"வண்டிக்கு."

மகளுக்குப் புரியவில்லை. அம்மா துணியின் மடிப்பை நீவிவிட்டபடியே சொன்னாள். "அஞ்சரைக்கே எந்திரிச்சு ரெண்டு கெட்டில் ஊத்துவாரு. அரை மணி நேரம் ஓடவிடுவாரு. அப்புறம் அணைச்சிட்டு வந்து பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவாரு. நீ ஏழு மணிக்கு வருவல்ல."

மகள் கையிலிருந்த சாவியைப் புரட்டிப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி போட்டுக் குடுத்ததில்ல இந்த மனுஷன்" என்றாள் அம்மா.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

மகளுக்கு ஆத்திரமாக வந்தது. அவரை எழுப்பி உட்காரவைத்துச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. விற்றவன் ஒரு நாள் செய்த தில்லுமுல்லை ஐந்து வாரமாக விடாமல் செய்திருக்கிறார், அதுவும் சொந்த மகளிடம். இப்போது கேட்கலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

கெட்டில் அடுப்பு மேலேயே இருந்தது. கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது. கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் கெட்டிலை மெக்கானிக் காட்டிய இடத்தில் அவளே ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. இரண்டாவதையும் ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

வண்டி கிளம்பிவிட்டது. கலப்பை மெல்ல மேலே ஏறியது. கொழுக்களில் ஒட்டியிருந்த நேற்றைய மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் வண்டியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சாலையோரம் நிறுத்தினாள்.

"அட, ஒரே செல்ஃப்ல எடுத்துடுச்சே" என்றார் பின்னாலேயே வந்த சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. நல்ல வண்டி."

மெக்கானிக் அவளைப் பார்த்தார்.

அப்பாவை நேராகவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தில் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. வேனின் பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அணைச்சிடட்டுமாக்கா?"

"வேண்டாம். ஓடட்டும்."

அவள் இறங்கி என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்து, மேல்சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.