காதுக்குப் பின்னால் அட்டைக்கடி

மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியடியில் என் மனைவி கலாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் தலைக்கு நானே டை பூசினேன். இதற்கெல்லாம் காரணம் மாப்பிள்ளையின் அம்மாதான். நிச்சயம் பண்ண வந்த அன்று கலாவைப் பார்த்துவிட்டு என் மகளிடம், "இது பாட்டியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. நான் மாதம் தவறாமல் தலைக்கும் மீசைக்கும் கறுப்படித்துக்கொண்டு திரிகிறவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதற்கே தலை சீவிக்கொண்டு போவேன். கலாவோ நாள் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, நரைத்த தலையை அள்ளி முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போகிறவள். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? நிச்சயம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கலா சொன்னாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் போடுற டையை எனக்கும் போட்டு விடுங்களேன்."

கஹவத்தை டவுனில் நான் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போய், இந்தத் தடவை எனக்கில்லை என்று சொல்லி ஒரு பெட்டி கேட்டேன். கடைக்கார றஊப்பின் மகள் றிப்தா, "ஆருக்கு அண்ணே? புது ஆளுக்கா?" என்று கேட்டாள். பிறகு பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். "மொதல்ல காதுக்குப் பொறத்தால கொஞ்சூண்டு பூசி ரெண்டு நாள் பாருங்க. செவந்தா, அரிச்சா, தலைக்குப் போட வாணாம். மறந்துடாதீங்க."

எனக்கு நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் கலாவுக்குச் செய்தேன். வியாழக்கிழமை பின்னேரம் அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, காதுக்குப் பின்னால் சுத்தமாகத் துடைத்து, பஞ்சில் தொட்டு ஒரு பொட்டு வைத்தேன். "திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்தாள்.

சனிக்கிழமை பார்த்தபோது அந்த இடம் சிவந்திருந்தது.

"என்ன புள்ள, செவந்திருக்கு?"

"அட்டைங்க. மலையில கடிச்சிருக்கும்."

எங்கள் பக்கத்தில் அந்தப் பதில் போதும். மழை விடாத இந்த ஊரில் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலை ஏறினாலும் அட்டை கழுத்து வரைக்கும் ஏறும். லயத்தில் யார் உடம்பைப் பார்த்தாலும் நாலு சிவப்பு இருக்கும். அதை யாரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. நானும் சரி என்று கையுறையை மாட்டினேன்.

பிடரியிலிருந்து வகிடு வகிடாகப் பிரித்துப் பூசிக்கொண்டு வந்தேன். பாதித் தலை முடிந்தபோது பார்த்தேன், அவள் இரண்டு கையாலும் ஸ்டூலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எரியுதா?"

"கொஞ்சம். மொதத் தடவைல்ல, அதான். நீங்க பூசுங்க."

காதோரம் பூசுவதற்காகக் காதை மடக்கினேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சிவப்பு நான் வைத்த பொட்டு அளவிலேயே, அதே வட்டத்தில் தடித்திருந்தது. அதன் மேல் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். அட்டை கடித்தால் நடுவில் ஓட்டை இருக்கும், இரத்தம் நிற்காமல் வடிந்து சட்டைக் காலரை நனைத்திருக்கும். இதில் ஓட்டையும் இல்லை, இரத்தமும் இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நேற்று பௌர்ணமி, போயா லீவு. இன்றைக்குக் கல்யாண வேலை. வியாழக்கிழமைக்குப் பிறகு கலா மலைக்கே போகவில்லை. இரண்டு நாளும் அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவளை எந்த அட்டை வந்து கடித்தது?

அவள் தலையைப் பிடித்துப் பீலித் தண்ணீருக்குக் கீழே அமுக்கினேன். "என்னங்க, என்னங்க" என்றாள். கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தெளிந்த தண்ணீர் வந்த பிறகு முகத்தை நிமிர்த்தினேன். கண் இமை இரண்டும் வீங்கி, கண்ணே கோடாகிப் போயிருந்தது.

"தொண்டைக்குள்ள என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள்.

நான் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதுசன் மறுநாள் கல்யாணத்துக்காக ரிப்பன் கட்டிவைத்திருந்த த்ரீவீலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தான். தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் என் உயிர் போய்ப் போய் வந்தது. ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் குரல் நின்றுவிடக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"பேசு கலா. பேசிக்கிட்டே இரு."

"என்னாத்தப் பேச?"

"எதையாச்சும் பேசு."

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தாள். விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அது அட்டை இல்லன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள். "நேத்துக் காலையிலருந்தே அரிச்சிச்சு."

"தெரிஞ்சுமாடி சொல்லாம இருந்த?"

"சொன்னா நீங்க போட மாட்டீங்க. நாளைக்கு மணவறைக்குப் பக்கத்துல நிக்கையில யாரும் பாட்டியான்னு..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. "மதுசன், மிதிடா!" என்று கத்தினேன். மிச்ச ரோட்டில் நான் கும்பிடாத சாமி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க் மாட்டினார்கள். முகம் ஊதி, பாதித் தலை கறுப்பும் பாதி வெள்ளையுமாகக் கிடந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, "ஒயாகே அம்மத?" என்று சிங்களத்தில் கேட்டாள். உன் அம்மாவா என்று கேட்கிறாள்.

"நே மிஸ், மகே பவுல" என்றேன். என் மனைவி என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

டொக்டர், உடனே கழுவியது நல்லது என்றார். தொண்டை அடைக்க ஆரம்பித்துவிட்டதாம், இன்னும் சுணங்கியிருந்தால் எதுவும் சொல்ல முடியாதாம். இனி ஆயுசுக்கும் இந்த டை மருந்து ஒரு சொட்டுக்கூட அவள் மேல் படக்கூடாது. விடிந்ததும் நிலைமையைப் பார்த்து, முகூர்த்தத்துக்கு மட்டும் போய்வர விடுவதாகச் சொன்னார்.

இனி ஒரு சொட்டும் படக்கூடாது என்ற சொல்லே எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என் தலையிலும் மீசையிலும் இருப்பது அதே மருந்துதானே? அந்தத் தலையை அவள் தலைக்குப் பக்கத்தில் வைத்துத்தானே இத்தனை வருஷமாகப் படுக்கிறேன்? அதில் ஆபத்து இருக்கிறதென்று டொக்டர் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியது, தோன்றியபின் போகவும் இல்லை.

காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சலூன் திறந்ததும் போய் உட்கார்ந்தேன். "கறுப்பு ஒண்ணுகூட இருக்கக்கூடாது. மீசையையும் எடுத்துடுங்க" என்றேன்.

"இன்னைக்கு மகளுக்குக் கல்யாணம்னு சொன்னாங்களே?" என்று கேட்டார் சலூன்காரர்.

"அதுக்குத்தான்."

வார்டுக்குத் திரும்பியபோது கலா மாஸ்க் இல்லாமல் சாய்ந்திருந்தாள். வீக்கம் முழுக்க வற்றவில்லை. கண் இடுக்கால் என்னைப் பார்த்து, "யாரு?" என்றாள்.

"நான்தான்."

கையை நீட்டி என் தலையைத் தடவினாள். ஒட்ட வெட்டிய தலையில் வெள்ளை முள் மட்டும்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் இழுத்தது. நர்ஸைக் கூப்பிட நான் பாதி வழி ஓடிவிட்டேன்.

"ஒண்ணுமில்ல, வாங்க" என்றாள். "சரியான கெழவனா இருக்கீங்க."

"இருந்துட்டுப் போறேன். மாப்பிள்ள அம்மா வந்து தாத்தாவான்னு கேக்கட்டும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சும்மாதான் மூடினாள். நான் குனிந்து, மூச்சு வருகிறதா என்று அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டேன்.