சந்தாக்காரர் பக்கம்

நாங்கள் குடியிருக்கும் அடுக்ககம் ஒரு ஆன்லைன் விளையாட்டுக்குள் இருக்கிறது. கோயம்புத்தூரில் வாடகை கட்டுப்படியாகவில்லை. கல்யாணமான புதிதில் இங்கே வந்துவிட்டோம்.

மாதம் பிறந்தால் சந்தா கட்ட வேண்டும். கட்டினால் தண்ணீர் வரும், லிஃப்ட் வரும், சனிக்கிழமை டிராகன் வரும். எல்லாக் குடித்தனக்காரர்களும் சேர்ந்து அதை அடிப்போம். அடித்த பிறகு மொட்டைமாடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவோம். குறை சொல்ல எதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, இனி விளையாட்டு இலவசம் என்று கம்பெனி அறிவித்தது. விருப்பப்பட்டவர்கள் பழையபடி சந்தாவும் கட்டலாம்.

என் மனைவி சுகந்தி அன்றைக்கே இலவசத்துக்கு மாறினாள்.

"சும்மா குடுக்கறப்ப எதுக்குங்க காசு கட்டோணும்?" என்றாள்.

"சும்மா குடுக்கறவன் வேற எங்கியாவது புடுங்குவான்."

"நீங்க எதைத்தான் நம்பியிருக்கீங்க?"

சொல்லி முடிக்கும்போதே மறைந்துவிட்டாள். சந்தாக்காரர்களும் இலவசக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்று நிபந்தனைகளில் இருந்ததாம். நான் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை.

வீடு அதே வீடுதான். சமையலறையில் கடுகு வெடிப்பது கேட்டது. வாணலி தெரியவில்லை. சுகந்தி தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"உக்காரலாம்னா நாற்காலி வைரம் கேக்குதுங்க. பதினோரு தவளை அடிச்சா ஒரு வைரமாம்."

"அடிச்சியா?"

"ஒம்போது ஆச்சு. மிச்சம் பாத்ரூம்ல இருக்குது."

சந்தாப் பக்கத்தில் நாற்காலி எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. லிஃப்ட் எனக்காகக் கதவைத் திறந்தபடியே காத்திருந்தது. அதில் ஏற வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை மொட்டைமாடிக்குப் போனேன். டிராகன் வந்து இறங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தது.

"மத்தவங்கெல்லாம்?"

"இலவசத்துக்குப் போயிட்டாங்க."

"ஒருத்தர்கிட்ட மட்டும் நான் எப்படிங்க அடி வாங்கறது?" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

இலவசப் பக்கத்தில் பெரிய கூட்டம் என்று சுகந்தி சொன்னாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படிக்கட்டில் படுத்துக் கிடக்கிறார்கள். எதிர்வீட்டு பெர்னார்டு சார் புதையல் பெட்டியாகிவிட்டார்.

"ஏன்?"

"தெரியலைங்க. வாசல்ல வெச்சிருக்காங்க. சாவி வாங்கித் தொறந்தா எதாச்சும் வருமாம். அவரு சம்சாரம் தொறந்து பாத்தாங்க. தொப்பி வந்துச்சு."

"பெர்னார்டு?"

"வரல. மறுபடியும் சாவி வாங்கச் சொல்றாங்க."

நாளாக ஆக அவள் பேச்சுக்கு நடுவில் விளம்பரம் வர ஆரம்பித்தது. அவள் குரலிலேயே வரும். பாலுக்கு உறை ஊற்றியதைச் சொல்லிக்கொண்டிருப்பாள், திடீரென்று தலைமுடி உதிர்வதைப் பற்றிப் பேசுவாள். நான் காத்திருப்பேன். முடிந்ததும் விட்ட இடம் அவளுக்கு நினைவிருக்காது.

ஒரு சாயங்காலம் சொன்னாள்: "எனக்குக் காலைல இருந்து ஒரு மாதிரியா இருக்குதுங்க. இந்த நெஞ்சுகிட்ட—"

சிமெண்ட் விளம்பரம் வந்தது. தலைமுறை தலைமுறையாக உறுதி என்றாள்.

"நெஞ்சுகிட்ட என்ன?" என்று கத்தினேன்.

"என்ன நெஞ்சு?" என்றாள். குரலில் மூச்சு வாங்கியது.

சந்தாவை ரத்து செய்யக் கீழே ஓடினேன். அலுவலகத்தில் ரெஜினா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குங்க சார் ரத்து?"

"எஞ்சம்சாரத்தப் பாக்கோணும்."

"அந்தக் காரணம் இல்லீங்களே. விலை அதிகம், போரடிக்குது, மற்றவை. மூணுதான் இருக்குது."

"மற்றவை."

"மற்றவைன்னா என்னன்னு சொல்லோணுங்க."

"எஞ்சம்சாரத்தப் பாக்கோணும்."

"அது இல்லீங்களே."

போரடிக்கிறது என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. தாழ்வாரத்தில் இருக்கும் ரத்து அறைக்குப் போகச் சொன்னாள்.

நான் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒருவர் எட்டிப் பார்த்தார். பாதி விலைக்குத் தருகிறோம் என்றார் ஒருவர். இன்னொருவர் கண் கலங்கி, "நாங்க என்ன தப்பு பண்ணுனோம்?" என்று கேட்டார். மூன்றாமவர் ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வேண்டாங்க."

"இது உங்களுக்காகவே பொறந்த குதிரைங்க."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

குதிரை பின்னாலேயே வந்தது. கோபத்தில் திரும்பி அதைத் திட்டினேன். அப்போதுதான் ரத்து அறையைத் தாண்டி வந்துவிட்டது தெரிந்தது. சாம்பல் நிறச் சுவரில் சாம்பல் நிறக் கதவு.

உள்ளே ஒருவர் இடியாப்பம் தின்றுகொண்டிருந்தார்.

"நெசமாவா?" என்றார்.

"நெசமா."

"நெசமாவே நெசமாவா?"

"ஆமாங்க!"

மேசையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ரத்து என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ரத்தை ரத்து செய். சரியானதைப் பார்த்து அழுத்தினேன். பின்னால் குதிரையின் மூச்சுச் சத்தம் நின்றது.

லிஃப்ட் எனக்குத் திறக்கவில்லை. படியில் ஏறினேன். முதல் மாடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. வைரம் கொடுத்தால் அவிழ்ப்பார்கள், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். என்னிடம் வைரம் இல்லை. தவளை அடிக்கலாமென்று பார்த்தால், இருந்ததையெல்லாம் முன்னால் வந்தவர்கள் அடித்துவிட்டிருந்தார்கள். விளம்பரம் பார்த்தால் காத்திருப்பு குறையும் என்று ஒரு அம்மாள் சொன்னார். பார்த்தேன். இரண்டாவது மாடியிலும் பார்த்தேன். மூன்றாவது மாடியை எட்டியபோது தாடி நெஞ்சு வரை வந்திருந்தது.

கதவைத் தட்டினேன். சுகந்தி திறந்தாள். அவளை முழுசாகப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது.

"வந்துட்டேன்."

"தாடி நல்லாவே இல்லீங்க," என்றாள். கண் நிறைந்திருந்தது.

உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது யாரு?"

"தனசேகரன்."

"நாந்தானே தனசேகரன்?"

"நீங்க ரத்து பண்ணுனதும் பேரு காலியாயிடுச்சாம். இவரு எடுத்துட்டாரு. பேரோட வீடும் வந்துருமாம்."

அவர் எச்சில் கையோடு எழுந்து நின்றார். நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. மிச்சமெல்லாம் பின்னாடி நம்பர் போட்ட பேராவே இருந்துச்சுங்க. இது ஒண்ணுதான் வெறும் பேரா இருந்துச்சு."

"இப்ப எம்பேரு என்ன?"

சுகந்தி என் தலைக்கு மேலே மிதந்த பெயரை எக்கிப் பார்த்தாள்.

"தனசேகரன் நானூத்தி எழுவத்திரண்டு."

அதை விட்டுவிட்டேன். அவள் அருகில் போய்க் கேட்டேன்.

"நெஞ்சுகிட்ட ஒரு மாதிரியா இருக்குதுன்னியே, அது என்னாச்சு?"

"அதெல்லாம் சரியாப் போச்சுங்க. இவருதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. வைரமெல்லாம் வித்துட்டாரு."

அவரிடம் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பரவாயில்லீங்க என்றார். எனக்கு ஒரு தட்டு போட்டார். தவளை அடிக்காததால் தரையில் உட்கார்ந்தேன்.

சுகந்தி சமையலறைக்குள் போனாள். எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க. சிலிண்டர் மாத்தோணும்."

இருவரும் எழுந்தோம்.

"நீங்க இல்ல, அவரு," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

இருவரும் நின்றோம்.