செங்கல் புதிதாக இருந்த இடம்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. கரமனையிலிருந்து வரும்போது வழுதக்காட்டில் ஒரு பழைய பங்களாவின் பக்கவாட்டு மதிலைப் பார்த்தேன். ஒரு கேட் அளவுக்கு மட்டும் செங்கல் புதிதாக இருந்தது. யார் அடைத்தார்கள், ஏன் அடைத்தார்கள்? விசாரிக்க எனக்குச் சோம்பல். ஆட்களை நானே குடிவைத்துவிட்டேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை கொட்டிய ஒரு மாலையில் லிபி' — போதும். இந்த ஊரில் மழை இல்லாமல் ஒரு கதையாவது தொடங்கட்டும்.)

2

லிபி போனக்காட்டு மலைப்பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இன்று எலும்பு டாக்டர். தோட்டத்துத் துரை நகரத்தில் வைத்திருந்த, நான் பார்த்த அந்தப் பங்களாவையே வாங்கிவிட்டாள். வாங்கினால் போதுமா? வெளிப்புறம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பின்னால் வந்த ஸ்டீல் கைப்பிடி போயிற்று, கான்கிரீட் சன்ஷேடு போயிற்று. கூரைக்கு மங்களூர் ஓடு, இறவாரத்தில் பூவேலை செய்த மரப்பலகை, சுவருக்குச் சுண்ணாம்பு, கேட் தூணில் பித்தளைப் பெயர்ப்பலகை. அதில் யார் பெயர் என்பதை மட்டும் எனக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆர்க்கிடெக்ட் அனில் பழைய போட்டோவைக் காட்டி, பாதி மலையாளத்தில் தடுத்தான்.

"இந்தச் சின்ன கேட்டை அடைக்கண்டா டாக்டரே. தோட்டத்து ஆட்கள் வந்து நிக்கிற கேட்டு. அது இல்லெங்கில் வீடு பூர்த்தியாகாது."

"எங்கப்பா காய்கறிக் கூடையோட நின்ன இடம், அனில். அடைச்சிரு."

(அனிலை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பாவம், அவன் சொன்னது சரி. லிபி சொன்னதும் சரி. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.)

3

பால் காய்ச்சும் நாள். அப்பா சத்தியநேசன் தம்பானூரில் பஸ் இறங்கி ஆட்டோவில் வந்தார். லிபி பெரிய கேட்டை அகலத் திறந்துவைத்து நின்றாள். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கால் பழகிய வழியில், மதிலோரமாகப் பக்கவாட்டுக்குப் போய், புதுச் செங்கல் முன்னால் நின்றுவிட்டார்.

"இங்கதானே மக்ளே வாசலு?"

லிபி பின்னாலேயே போனாள். கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிவந்தாள்.

தூணில் இருந்த பித்தளையை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். சத்தியநேசன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. வேட்டி நுனியால் அதைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எல்லாம் அப்பிடியே வச்சிருக்கே. அந்தச் சின்ன கேட்டையும் வச்சிரு மக்ளே. தொரை வீட்டு ஆளுக பாக்க வந்தா, அது வழியா வரட்டும்."

லிபி அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் சிரித்தாள். அப்பாவை நினைத்து அவளுக்கு அப்படியொரு பெருமை.

4

'லிபி அனிலிடம், அந்தக் கேட்டை' — இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நான் பார்த்தது அடைத்த சுவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. கொத்தனார் கடப்பாரையோடு நிற்கிறார். அனில் உங்களைத்தான் பார்க்கிறான். சுவரா, கேட்டா, நீங்கள் சொல்லுங்கள்.

சத்தியநேசனிடம் கேட்காதீர்கள். அவர் பெரிய கேட் வழியாக உள்ளே போய்விட்டார்.